ஈயத்தின் மாற்று

பொன்னின் மாற்றறிய நம் முன்னோர் உரைகல் வைத்திருந்தனர். ஈயத்தின் மாற்றை அறிந்தது எவ்வாறு? பேராக் வரலாற்றில் லம்ப முதலாளிகளும் உழைப்பாளிகளும் இடம்பெறுகின்றனர். தாதுவின் தரத்தைத் தீர்த்துரைத்த ஆய்வுக்கூடமோ அதிகம் பேசப்படுவதில்லை.

தாப்பா அமைந்த பத்தாங் பாடாங் மாவட்டமும் அதன் வடக்கேயுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கும் ஈயம் விளைந்த மண். தாப்பா ரோட்டிலிருந்து இன்றைய தெலுக் இந்தானாகிய தெலுக் அன்சன் துறைமுகத்திற்கு 1893 இல் இருப்புப்பாதை அமைந்தது. இங்குக் கிடைத்த தாது காசிட்டரைட்டு. அது முற்றும் தூயதாயின் நூற்றுக்கு 78.8 பங்கு வெள்ளீயம். ஆயினும் இல்மனைட்டு முதலிய கருமணல்கள் அதனோடு கலந்தே வரும். ஒரு பிக்குலுக்கு 100 கட்டி. ஆகவே ஆய்வுக் கணக்கில் ஒரு விழுக்காடு குறைந்தால், பிக்குலுக்கு ஒரு கட்டி ஈயம், ஏறத்தாழ 600 கிராம், விற்றவனுக்கு இழப்பு.

டூலாங் தட்டில் மணலை அலசிய பெண்கள் நிறத்தாலும் கனத்தாலும் தாதுவை இனங்கண்டனர். ஐயமுற்றால் ஓர் எளிய சோதனை உண்டு: துத்தநாகத் தகட்டில் மணிகளை இட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால், காசிட்டரைட்டின்மீது சாம்பல் நிற ஈயப் படலம் படியும். அது தாது என்பதைச் சொல்லும். எவ்வளவு என்பதைச் சொல்லாது.

அளவறியப் பழைய வழி, பொட்டாசியம் சயனைடுடன் மூசையில் உருக்கி, திரளும் உலோக உருண்டையை நிறுப்பது. உருண்டையில் பிற உலோகம் சேர்ந்தால் நிறை கூடும். கசடில் ஈயம் தங்கினால் குறையும். நஞ்சின் அருகே நின்றவன் நிலையையும் எண்ணுக.

பின்னர் வந்தது அயோடின் முறை. அமிலத்தில் எளிதில் கரையாத இத்தாதுவைச் சோடியம் பெராக்சைடுடன் உருக்கிக் கரைசலாக்கி, ஈயத்தை ஈரிணைதிற நிலைக்கு ஒடுக்கி, மாப்பொருள் கலந்து, அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவர். நீலம் நிலைத்ததும் நிறுத்துவர். பத்திலொரு நார்மல் அயோடின் ஒரு மில்லிலிட்டர், 5.9 மில்லிகிராம் ஈயத்துக்கு ஈடு. இதில் காற்றே பகை. கரியமிலவாயுவால் காக்காவிடில் காற்று ஈயத்தை முன்னரே ஆக்சிகரித்துவிடும். அயோடின் குறைவாகச் செலவாகும். நல்ல தாதும் தாழ்ந்த தாதாகிவிடும். ஆய்வாளனின் கவனக்குறைவு ஒருவனின் வருவாயைத் தின்றுவிடும்.

1955 இல் ஆலன் வால்ஷ் அணு உட்கவர் நிறமாலையியலை அறிமுகப்படுத்தினார். பின்னர்ப் பல உலோகங்களை விரைந்து அளக்க முடிந்தது. ஈயம் அதற்கும் எளிதில் வசப்படவில்லை. நைட்ரஸ் ஆக்சைடு, அசிட்டிலீன் கலந்த கடுஞ்சுடர் வேண்டியிருந்தது.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபின் லம்பங்கள் பல மூடப்பட்டன. ஈயம் பிரித்தபின் எஞ்சும் அமாங் மணலில் மோனசைட்டு உண்டு. அதில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. முன்பு விலைக்காக மணலை அளந்தோம். அமாங்கை இப்போது அளப்பது அதன் அருகே வாழ்வோர் உடல்நலத்துக்காகவும்.