பற்சக்கரமும் இரண்டு சொட்டு மருந்தும்

கரக்பூர் போன்ற ரயில்வே ஊர்களில் வாழும் நம்மவர்க்கு ரோட்டரி சங்கம் என்னும் பெயர் புதியதன்று. பள்ளிக்கூடத்துக் குடிநீர்த் தொட்டியின்மேல், கண் சிகிச்சை முகாமின் விளம்பரத் துணியில், சாலை முனையில் நட்ட பலகையில் என்று பலவிடங்களில் அதன் பற்சக்கரச் சின்னத்தைக் கண்டிருக்கிறோம். கண்டும், “பெரிய மனிதர்கள் கூடிப் பகலுணவு அருந்தும் கழகம்” என்று சொல்லிக்கொண்டு அப்பால் சென்றுவிடுகிறோம். இவ்வெண்ணத்தில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி, நாம் கல்கத்தாவுக்கு லோக்கல் வண்டியில் செல்லும் வழியிலுள்ள ஹௌரா மாவட்டத்தில் 2011-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வந்து நின்ற ஒரு நீண்ட வரலாறு. அதனைச் சொல்லுமுன் சங்கத்தின் பிறப்பைச் சிறிது கூறுதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில், 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவருடன் ஓர் அலுவலக அறையில் அமர்ந்து பேசினார். மூவருள் ஒருவர் நிலக்கரி வணிகர். ஒருவர் சுரங்கப் பொறியாளர். மற்றொருவர் தையற்கடை நடத்தியவர். ஹாரிஸ் சிற்றூரில் வளர்ந்தவர். பெருநகரில் ஆயிரம் பேரைக் கண்டும் தனியராகவே இருந்தவர். ஊரில் இருந்த உறவை நகரில் தேடியே அவர் இக்கூட்டத்தைக் கூட்டினார். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, பொங்கலுக்கு ஒரு பந்தல் வேண்டுமென்று சங்கம் கண்ட நமக்கு இவ்வுணர்ச்சியை எவரும் விளக்க வேண்டுவதில்லை. கூட்டம் ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுழன்று நடந்தமையால், சுழலுவது எனப் பொருள்படும் ரோட்டரி என்னும் பெயர் அமைந்தது.

தொடக்கத்தில் தொண்டு என்ற பேச்சே இல்லை. உறுப்பினர் ஒருவருக்கொருவர் வாணிகம் கொடுத்து உதவிக்கொள்வதே நோக்கமாக இருந்தது. அடுத்த ஆண்டு டொனால்டு கார்ட்டர் என்பாரை உறுப்பினராக அழைத்தபோது, ஊருக்கு ஒன்றும் செய்யாமல் தமக்குள்ளேயே கொடுத்து வாங்கும் கழகம் நெடுநாள் நிலைக்காது என்று சொல்லி அவர் சேர மறுத்தாராம். அந்த மறுப்பே சங்கத்தைத் திருப்பியது. அவர்கள் எடுத்த முதற் பெருந்தொண்டு யாது என்று கேட்டால் அன்பர்கள் சிரிக்கலாம். நகரின் நடுவே ஒரு பொதுக் கழிப்பிடம்! அக்காலத்தில் சிகாகோக் கடைவீதிக்கு வருவோர்க்கு மதுக்கடையையும் பெரிய துணிக்கடைகளையும் விட்டால் ஒதுங்க வேறிடம் கிடையாது. ஆகவே மது ஆலைக்காரரும் பெருங்கடைக்காரரும் இம்முயற்சியை எதிர்த்து நின்றனர். ஒதுங்க வருகிறவன் ஏதேனும் வாங்காமலா போவான் என்பது அவர்கள் கணக்கு. இரண்டாண்டுப் போராட்டத்திற்குப் பின் 1909-ஆம் ஆண்டில் கழிப்பிடம் திறக்கப்பெற்றது. நிலையத்துச் சாளரத்தின் பின்னே அமர்ந்து, பயணிகள் முதலில் எதற்கு வழி கேட்கிறார்கள் என்பதை நாள்தோறும் அறியும் நாம் இதனைச் சிறிய தொண்டாக எண்ணவில்லை.

சின்னத்தைப் பற்றியும் ஒரு சொல். முதலில் அது வெறும் வண்டிச் சக்கரமாக இருந்தது. பின்னர் 24 பற்களும் 6 ஆரங்களும் கொண்ட பற்சக்கரமாக மாறியது. நம் ஒர்க்‌ஷாப் அன்பர்கள் சின்னத்தின் நடுவே கூர்ந்து நோக்கினால், குடத்தின் துளையில் சிறு காடி ஒன்று வெட்டியிருப்பது தெரியும். அச்சையும் சக்கரத்தையும் பிணைக்கும் சாவிக்குரிய கீவே அது. அக்காடி இல்லாத சக்கரம் அச்சின்மேல் சும்மா சுழலுமேயன்றிப் பளுவை இழுக்காது என்று சுட்டிக் காட்டிய பிறகு 1920-களில் அதனைச் சேர்த்தனர்.

இந்தியாவில் முதல் ரோட்டரி சங்கம் கல்கத்தாவில் 1919-ஆம் ஆண்டு அமைக்கப்பெற்று, 1920 ஜனவரி முதல் நாள் உரிமைப் பட்டயம் பெற்றது. நம் தாயகத்தில் சென்னைச் சங்கம் 1929-ல் தோன்றியது. வெள்ளையர் ஆட்சிக் காலத்து வணிகர் கூட்டமாகத் தொடங்கிய கல்கத்தாச் சங்கத்திலிருந்தே நிதீஷ் லாஹிரி என்னும் வங்காளியார் 1962-63-ஆம் ஆண்டுக்கு உலக ரோட்டரியின் தலைவரானார். ஆசியர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதன்முறை.

ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்பது அக்காலத்து ரோட்டரியின் விதி. மருத்துவர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், இரும்பு வணிகர் ஒருவர் என்று சேர்ப்பர்; ஒரே தொழிலார் நிறைந்து சங்கத்தைத் தம் வசமாக்கிக்கொள்ளக் கூடாது என்பது கருத்து. நல்ல கருத்துத்தான். ஆயினும் அப்பட்டியலில் முதலாளியும் மேலாளரும் இருந்தனரேயன்றி, குமாஸ்தா என்னும் தொழிலுக்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை! பெண்களுக்கும் இடமில்லை. உறுப்பினர் விதியிலுள்ள ‘ஆண்’ என்ற சொல்லை நீக்க வேண்டுமென்று 1950-ஆம் ஆண்டின் சட்ட மன்றத்திற்குத் தீர்மானம் அனுப்பியது இந்தியச் சங்கம் ஒன்று என்பதை நாம் பெருமையுடன் குறிப்பிடுகிறோம். 1964-ல் இலங்கைச் சங்கம் ஒன்றும் அவ்வாறே கேட்டது. இரண்டும் பயன் தரவில்லை. கலிபோர்னியாவில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட துவார்த்தே ஊர்ச் சங்கத்தின் பட்டயம் பறிக்கப்பட, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று 1987-ல் பெண்கள் பக்கம் தீர்ப்பாயிற்று. 1989-ல் விதி எங்கும் மாறியது. இந்தியர் கேட்டபோது ஒப்பியிருந்தால் முப்பத்தொன்பது ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

இனி இளம்பிள்ளை வாதத்திற்கு வருவோம். நம் வயதினர் தம் பள்ளி வகுப்பை நினைத்துப் பார்க்கட்டும். இரும்புப் பட்டை கட்டிய காலுடனோ, முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டோ வந்த மாணவர் ஒருவரேனும் வகுப்பில் இருந்திருப்பார். நம் பிள்ளைகளின் வகுப்பில் அத்தகையவர் இல்லை. இம்மாற்றம் தானாக வந்ததன்று.

இந்நோயின் கிருமி மலத்தின் வழியாகவும் அசுத்த நீரின் வழியாகவும் பரவுவது. கிருமி தொற்றிய ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கால் விழும். மற்றவர் நோயென்று அறியாமலே அதனைப் பிறர்க்குக் கொடுத்துக்கொண்டிருப்பர். ஆதலால் நோய் கண்ட வீட்டை மட்டும் காத்துப் பயனில்லை; ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுத்துக் கிருமி குடியிருக்க இடமின்றிச் செய்தல் வேண்டும். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் ஜான் 1980-களில் உள்ளூர் ரோட்டரியின் துணையுடன் இம்முறையை வேலூரில் செய்து காட்டினார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

உலக ரோட்டரி 1979-ல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கி, 1985-ல் உலகமெங்கும் போலியோவை ஒழிப்பதென்று உறுதி பூண்டது. 12 கோடி டாலர் திரட்ட முனைந்தவர்கள் 1988-க்குள் அதனினும் இருமடங்கு திரட்டினர். இதே அமைப்பின் அறநிதி 1918-ல் கான்சஸ் நகரச் சங்கம் அனுப்பிய இருபத்தாறரை டாலர் நன்கொடையுடன் தொடங்கியது என்பதையும் கணக்கெழுதும் தொழிலினராகிய நாம் சொல்லாமல் விட மனமில்லை. 1988-ல் உலக நலவாழ்வுப் பேரவையும் அக்குறிக்கோளை ஏற்றது. அவ்வாண்டு நோய் குடிகொண்டிருந்த நாடுகள் 125. ஆண்டுதோறும் முடமான குழந்தைகள் ஏறத்தாழ மூன்றரை லட்சம்.

டெல்லியில் 1994 அக்டோபர் 2-ஆம் நாளும், நாடு முழுவதும் 1995 டிசம்பர் 9-ஆம் நாளும் பல்ஸ் போலியோ தொடங்கியது. பின்னாட்களில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகள், 23 லட்சம் பணியாளர்கள் என்னும் அளவுக்கு அது வளர்ந்தது. எழுத்தில் எளிதாகத் தோன்றும் இவ்வேலையின் கடினம் ஐஸ் பெட்டியைச் சுமந்தவர்க்கே தெரியும். மருந்து சூடு தாங்காது. புட்டிச் சீட்டில் வட்டத்துள் ஒரு வெளிர்ச் சதுரம் உண்டு. அது கருத்துவிட்டால் புட்டியை எறிந்துவிட வேண்டும். மருந்துண்ட குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மையிட்டனர். எல்லாக் குழந்தைகளும் உண்ட வீட்டுச் சுவரில் ‘பி’ என்றும், எஞ்சிய வீட்டில் ‘எக்ஸ்’ என்றும் ஆங்கில எழுத்தைச் சாக்குக்கட்டியால் எழுதி, எக்ஸ் வீட்டிற்கு மீண்டும் மீண்டும் சென்றனர். உத்தரப் பிரதேசத்தில் மருந்து பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்ற வதந்தி பரவியபோது, ரோட்டரி அன்பர்கள் இஸ்லாமியப் பெரியோர்களைக் கொண்டு குழு அமைத்து வீடு வீடாகப் பேசச் செய்தனர். பீகாரில் கோசி ஆற்று வெள்ளத்தில் படகில் சென்று கொடுத்தனர். 2002-ல் 1,600 குழந்தைகள் நோயுற்றபோது இது நடவாத காரியம் என்று பலரும் சொன்னார்கள். 2009-ல் 741, உலகின் மொத்தத்தில் ஏறக்குறைய பாதி. 2010-ல் 42. பின்னர் 2011 ஜனவரி 13-ஆம் நாள் ஹௌரா மாவட்டத்துச் சிற்றூரில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தை ஒன்று காலிழந்தது. சொட்டு மருந்து பெறாத குழந்தை அது. இந்தியாவில் அதற்குப் பின் இயற்கையான (காட்டுவகை) போலியோக் கிருமியால் எவரும் விழவில்லை. 2014 மார்ச் 27-ஆம் நாள் போலியோ அற்ற நாடென்னும் சான்று கிடைத்தது.

ரயில்வேக்கும் இதில் பங்குண்டு. பிழைப்புக்காக இடம் பெயரும் குடும்பங்களை வீட்டில் தேடினால் கிடைக்கமாட்டார்கள், நடைமேடையில் கிடைப்பார்கள். ஆதலால் நிலையங்களிலும் ஓடும் வண்டிகளிலும் தனிக் குழுக்கள் மருந்து கொடுத்தன. செங்கற் சூளைக்குச் செல்லும் தாய்மார் மூட்டைக்கும் கைப்பிள்ளைக்கும் நடுவே நிற்க, மஞ்சட் சட்டையணிந்த பெண்ணொருத்தி வண்டி புறப்படுமுன் பெட்டிக்குப் பெட்டி ஓடியதை நம் அலுவலக நண்பர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். சென்னைக்குச் செல்லும் மெயிலில் நம் குழந்தைகளும் அவ்வாறு விரலில் மை பெற்றவர்களே.

இங்கே நம் கருத்தொன்றைச் சொல்லிவிடுகிறோம். விழா மேடைகளில் இவ்வெற்றியைச் சங்கத் தலைவர்களின் வெற்றியாகவே பேசுகிறார்கள். பணம் திரட்டியதும், அரசை விடாமல் நெருக்கியதும், பந்தலும் தொப்பியும் ஊதலும் வாங்கிக் கொடுத்ததும், கால் விழுந்த பிள்ளைகளுக்கு அறுவை மருத்துவம் செய்வித்ததும் அவர்களே. அதனை மறுப்பார் இல்லை. ஆனால் சொட்டு மருந்தைக் குழந்தையின் வாயில் விட்ட கை பெரும்பாலும் அங்கன்வாடிப் பெண்ணின் கை, ஆஷாப் பணியாளரின் கை. சிறு ஊதியத்திற்கு வெயிலில் நடந்த அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

போலியோக் கிருமி ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானத்திலும் இன்னும் அழியவில்லை. ஆகவேதான் நம் நாட்டில் சொட்டு மருந்து ஞாயிறு இன்றும் தொடர்கிறது. நம் காலனியிலோ ஊக்கம் குறைந்துவிட்டது. “நோயே இல்லையே, எதற்கு?” என்று படித்த பெற்றோரே கேட்கின்றனர். மருந்துச் சாவடி தொலைவில் உள்ளது என்பதும் ஒரு காரணம். ரயில்வே கேட்டுக்கு வெளியே குடிசைகளில் இருக்கும் கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு அது இன்னும் தொலைவு.

நம் சங்க மண்டபத்தின் முன் திண்ணையை அன்று ஒரு நாள் சாவடிக்குக் கொடுக்கலாம் என்று இளைஞர் சிலர் எழுதிக் கொடுத்துள்ளனர். வெளியார் கூட்டம் கூடும், நடன ஒத்திகை கெடும் என்று மூத்தோர் சிலர் தயங்குகின்றனர். ஒத்திகை உள்ளே நடக்கும். திண்ணைக்குத் தெருப்பக்கம் தனிப்படி இருக்கிறது. வேண்டியவை ஒரு மேசை, இரண்டு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், ஐஸ் பெட்டி வைக்க நிழல். மார்கழியிலும் வெயில் படாத இடம் திண்ணையின் வடகோடி. விண்ணப்பம் செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் வருகிறது.