கடற்பனியும் றேடாரும்: 1983 தரும் படிப்பினை

ஆட்டிக் சமுத்திரத்திற் செல்லும் மாலுமிகள் நெடுங்காலமாகப் பாய்மர உச்சியிலிருந்தும், பின்னர் விமானத்திலிருந்தும் கடற்பனியை அவதானித்து வந்தனர். ஆயின் துருவத்தின் நீண்ட இரவும் அடர்ந்த முகிலும் அவர்தம் பார்வையை மறைத்தன. இக்குறையை நீக்கியது றேடார். தானே அனுப்பும் நுண்ணலைகள் மீண்டு வருவதைக் கொண்டு படம் பெறுவதால், அதற்குச் சூரிய ஒளி வேண்டியதில்லை. உப்பு மிக்க இளம்பனி அலைகளைப் பெரிதும் உறிஞ்சும். கோடையைக் கடந்து உப்பிழந்த முதுபனியோ அவற்றைச் சிதறடித்துப் பிரகாசமாகத் தோன்றும்.

1978இல் ஐக்கிய அமெரிக்கா ஏவிய சீசாற் செய்மதி ஏறத்தாழ 25 மீற்றர் நுணுக்கத்துடன் பனியைப் படம்பிடித்தது. எனினும், மின்கோளாற்றினால் நான்கு மாதங்கள் நிறையுமுன்பே அது செயலிழந்தது. அதன் தரவுகள் பின்னரே படங்களாக்கப்பட்டு ஆய்வாளர்க்குப் பயன்பட்டன.

1983 ஒக்டோபரிற் சுக்சிக் கடலிற் சோவியத் கப்பல்கள் பல பனியிற் சிக்குண்டன. நீனா சகைடாக் என்னும் சரக்குக் கப்பல் நெரிபட்டு மூழ்கியது. முந்திய மாத இறுதியில் ஏவப்பட்டிருந்த கொஸ்மொஸ் 1500 செய்மதியின் றேடார், ஒரு கிலோமீற்றருக்குக் குறைந்த பனிப்பிளவுகளைப் பெரும்பாலும் பிரித்துக்காட்ட வல்லதன்று. ஆயினும் முதுபனி எங்கே, ஊடறுக்கத்தக்க இளம்பனி எங்கே என்பதை அது காலந்தாழ்த்தாது உணர்த்தியது. அப்படங்களின் துணையுடன் பனியுடைக்கும் கப்பல்கள் வழிதேடி, ஏனைய கப்பல்களை மீட்டன.

1991இல் ஐரோப்பாவின் ஈ.ஆர்.எஸ். 1, 1995இற் கனடாவின் றேடார்சற் 1 ஆகியவை ஏவப்பட்டபின், நுணுக்கமும் விரைவும் ஒருங்கிணையலாயின. ஆகவே, தொலையுணர்வின் வரலாற்றை எழுதுவோர் கருவியின் கூர்மையை மட்டும் அளத்தல் போதாது. அதன் செய்தி தேவையுற்றோரை உரிய வேளையிற் சென்றடைந்ததா என்பதையும் வினவுதல் வேண்டும்.