கோலார் பாறைத்தூசியும் நுரையீரலும்

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலார் தங்கவயலில் இறங்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்த தமிழர்களின் உழைப்பில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது.

அங்கே தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் இருந்தது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. துளையிட்டு வெடிவைத்தபோது எழுந்த தூசியில், 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் காற்றறை வரை சென்றன. அவற்றை விழுங்கிய காவல் செல்கள் செத்தன. வெளியேறிய துகளை அடுத்த செல் விழுங்கியது. இப்படியே தழும்பு பெருகி மூச்சு சுருங்குவதுதான் சிலிகோசிஸ். 1940-களின் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் இந்நோய் தெரிந்தது.

சிலிக்காவிடம் தோற்கும் இதே உடல், டைட்டானியம் என்ற உலோகத்தை ஏற்றுக்கொள்கிறது.

1952-இல் ஸ்வீடன் மருத்துவர் பிரோனமார்க், முயலின் எலும்போடு டைட்டானியம் ஒன்றிப்போனதைக் கண்டார். அந்த உலோகத்தின் ஆக்சைடு படலத்தில் முதலில் ரத்தப் புரதங்கள் படிகின்றன. எலும்புச் செல்கள் தம் மேற்புறத்தில் உள்ள இன்டெக்ரின் என்ற பற்றும் மூலக்கூறு மூலம் அப்புரதங்களைப் பற்றுகின்றன. அந்தப் பிடி இறுகுவதற்காக, உடலுக்குள் பொருத்தும் இன்றைய உள்வைப்புகள் பலவற்றின் மேற்பரப்பில் நானோ அளவில் மேடுபள்ளம் செதுக்குகிறார்கள். செல்லின் வாழ்வும் சாவும் பெரிதும் அது தொடும் மேற்பரப்பைப் பொறுத்தவை.

கோலாரில், தண்ணீர் பாய்ச்சித் துளையிடும் முறை தூசியைக் குறைத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் சிலிகோசிஸ், வேலையை விட்ட பின்னும் முற்றக்கூடிய நோய். அதைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்குத் தொடர் மார்புப் பரிசோதனை அவசியம்.