கடைக்கோப்பிக் கணக்கில் விடுபட்டவை

எமது சமூகத்தில் சிக்கனம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முதலில் கூண்டில் ஏற்றப்படுவது கடைக்கோப்பிதான். கலியாண மண்டபச் செலவு அல்ல, சாமத்தியவீட்டுக்கு வாடகைக்கு எடுக்கும் நீளக் காரும் அல்ல. காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஒருவன் வாங்கும் கடுதாசிக் கோப்பை. “வீட்டிலை தூளும் கேத்தலும் இருக்க, ஏன் தம்பி அவங்களிட்டைக் கொண்டுபோய்க் காசைக் கொட்டுறீர்?” என்ற கேள்வியைக் கேளாமல் மொன்றியலில் வாழ்ந்த தமிழர் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. அதை நியாயமாகவே போட்டுப் பார்ப்போம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் டவுன்டவுனில் ஒரு சாதாரண கோப்பி ஏறத்தாழ ஒரு டொலர். 1987இல் வெளிவந்த, பறவை பொறித்த டொலர்க் குத்தி ஒன்றை வைத்தால் காரியம் முடிந்தது. 1994 ஒக்ரோபரில் கியூபெக்கின் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 6 டொலர் ஆயிற்று. ஆகவே ஒரு கோப்பி என்பது பத்து நிமிட உழைப்பு. நாளொன்றுக்கு இரண்டு கோப்பி, வருடத்துக்கு 300 வேலைநாள் (எங்களிற் பலருக்குச் சனிக்கிழமையும் வேலைநாள்தான்) என்றால் 600 டொலர். அது 100 மணித்தியாலம். றெஸ்ரோரன்ற் ஒன்றின் பின்கட்டில் கோப்பை கழுவி நின்ற ஒருவன் தன் இரண்டரைக் கிழமைச் சம்பளத்தை, வரி கழிக்க முன்னமே, கோப்பியாகக் குடித்துவிடுகிறான். ஏஜென்சிக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்த காலத்தில், ஊரில் செல்லடிக்குள் இருந்த குடும்பம் உண்டியற் காசை எதிர்பார்த்திருந்த காலத்தில், இது சின்னத் தொகை அல்ல. அமெரிக்காவில் டேவிட் பாக் என்பவர் தொண்ணூறுகளின் இறுதியில் இதே கணக்கை லாத்தேக் கோப்பியை வைத்து எழுதிப் பெயரெடுத்தார். எங்கள் அண்ணைமார் அவருக்கு முன்னமே சொல்லிவிட்டார்கள். புத்தகம் போடவில்லை, அவ்வளவுதான்.

கூட்டலிலும் பெருக்கலிலும் பிழையில்லை. ஆனால் இந்தக் கணக்கு கடைக்கோப்பியையும் வீட்டுக்கோப்பியையும் ஒரே பண்டம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்றுக்கு ஒரு டொலர், மற்றதற்குப் பத்துச் சதம், ஆகவே தொண்ணூறு சதம் நட்டம் என்கிறது. எங்கள் வரலாற்றில் இவை ஒரேபண்டமாக ஒருநாளும் இருந்ததில்லை என்பதே என் வாதம்.

கோப்பி எங்களிடம் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 1815இல் கண்டி வீழ்ந்தபின், 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் மலைநாட்டில் தோட்டக் கோப்பி தொடங்கியது. அதைப் பறிப்பதற்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1870 அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியானது. ஆனால் 1869இலேயே இலைத்துரு என்னும் பங்கசு நோய் தோட்டங்களில் காணப்பட்டுவிட்டது. 1884இல் தோட்டத்துரைமாருக்குக் கடன் கொடுத்த ஒறியன்ரல் வங்கி முறிந்தபோது கோப்பியின் காலம் முடிந்திருந்தது. அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. கோப்பி பருவத்துக்கு மட்டும் ஆள் கேட்ட பயிர். தேயிலை வருடம் முழுவதும் ஆள் கேட்டது. வந்துபோனவர்கள் லயன்களில் தங்கிய குடிகளானார்கள். அவர்களின் பிள்ளைகளிடமிருந்துதான் 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது.

தேயிலை வந்தபின் இலங்கையின் கடைகளில் தேத்தண்ணி அமர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்தில் கோப்பி வீட்டுக்குள் தங்கியது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து, உரலில் இடித்து, அரித்தெடுத்த தூள். தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் அது மருந்து. செத்தவீட்டில் விடியும்வரை விழித்திருப்பவர்களுக்கு அது துணை. வறுத்தது, இடித்தது, அரித்தது எல்லாம் பெண்கள். அதற்கு யாரும் விலை போட்டதில்லை. ‘வீட்டுக்கோப்பி மலிவு’ என்ற எங்கள் கணக்கின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. இதற்குப் பிறகு வருகிறேன்.

கடையில் குடிப்பது வேறு விடயம். ‘கண்ட கடையிலை குடிக்கிறவன்’ என்பது நல்ல குடும்பத்துப் பிள்ளைக்கு வசையாக இருந்தது. அந்த வசையின் உள்ளே சிக்கனத்தைவிடச் சாதியே அதிகம் இருந்தது. கடை என்றால் யார் பக்கத்தில் யார் இருப்பது, யார் குடித்த பாத்திரத்தில் யார் குடிப்பது என்ற கேள்விகள் வந்துவிடும். அந்தக் கேள்விகளுக்கு யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் பல பத்தாண்டுகளாக ஒரு பதிலை வைத்திருந்தன. வெள்ளாளருக்கு உள்ளே வாங்கும் கிளாசும். ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வெளியே நிலத்தில் குந்தியிருக்கும் உரிமை; போத்தல், தகரப்பேணி, சிரட்டை. குடித்தபின் தன் பாத்திரத்தைத் தானே கழுவி வைக்கவும் வேண்டும். இதில் கவனிக்கவேண்டியது, இரு பகுதியினரும் கொடுத்த காசு ஒன்று. கடைக்காரன் சாதி பார்த்து விலையைக் குறைக்கவில்லை. தேத்தண்ணியும் ஒரே கேத்தலிலிருந்துதான் வந்தது. காசுக்குக் கிடைத்த மிச்சம்தான், அதாவது இருப்பிடமும் பாத்திரமும்தான், வேறு.

ஆகவே தேநீர்க்கடைக்குள் போய் இருந்து குடிப்பது ஒரு அரசியற் கோரிக்கை ஆயிற்று. ஐம்பதுகளிலேயே சிறுபான்மைத் தமிழர் மகாசபை இதைக் கையிலெடுத்தது. 1957இல் வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கடைகளில் சாதிகாரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் கொழும்பில் இருந்தது, வாங்கு யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்துக்குப் பின்னும், 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவான பின்னும்தான் சங்கானை போன்ற இடங்களில் கடை கடையாகப் போராட்டம் நடந்தது. அடிபாடுகள் நடந்தன, உயிர்கள் போயின. கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலில் இந்தக் காலத்தைத்தான் எழுதினார். ஒரு கிளாஸ் தேத்தண்ணியின் விலை அப்போது சில சதங்கள். சில சதங்களுக்காகவா ஆட்கள் செத்தார்கள்? வீட்டில் ஊற்றிக் குடித்திருந்தால் இந்தக் கரைச்சல் இல்லையே என்று அன்றும் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் உள்வாங்கில் இருந்து பழகியவர்கள்.

தமிழகத்திலும் இது வேறு உருவத்தில் நடந்தது. அங்கே காப்பி எப்படி மத்தியதரப் பிராமண வீடுகளின் அடையாளமாகிப் பிறகு எல்லோரையும் பிடித்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றவேண்டும் என்று பெரியாரின் தொண்டர்கள் நாட்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். கிராமத்துத் தேநீர்க்கடைகளின் இரட்டைக் குவளையோ பலகையில் எழுதாமலே நடந்தது.

எங்கள் ஊர்ச் சிறுமை இது என்று மட்டும் எண்ணவேண்டாம். 1652இல் லண்டனில் முதல் கோப்பிக்கடை திறந்தது. ஒரு பென்னி கொடுத்தவன் உள்ளே இருந்து செய்தித்தாள் வாசிக்கலாம், வாதாடலாம். அந்தப் பென்னி கோப்பிக்கு அல்ல, கதிரைக்கு என்பதை அரசன் இரண்டாம் சார்ள்ஸ் நன்றாகப் புரிந்துகொண்டான். 1675 டிசம்பரில் கோப்பிக்கடைகளை மூடும்படி கட்டளையிட்டான். எதிர்ப்புக் கண்டு சில நாட்களிலேயே அதைத் திருப்பி எடுத்தான். வீட்டில் கோப்பி குடிப்பவனைப் பற்றி அவனுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

இனி மொன்றியல். எண்பதுகளின் நடுவிலிருந்து இங்கு வந்தவர்களுக்குக் கோட் டெ நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்சனிலும் கிடைத்தது அறை, வீடு அல்ல. ஆறு பேர், ஏழு பேர். இரவு வேலைக்காரன் எழும்பினால்தான் பகல் வேலைக்காரனுக்கு மெத்தை. அங்கே ‘வீட்டுக்கோப்பி’ என்பதற்கு எந்த வீடு? வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது. மது அருந்தும் இடங்களில் ஒரு போத்தலுக்குக் கொடுக்கக் காசில்லை. நூலகத்தில் பேசமுடியாது. மிஞ்சியது டோனற் கடை. அந்நாளில் கியூபெக்கில் டங்கின் டோனற்ஸ் எங்கும் இருந்தது. பிறகு ரிம் ஹோர்ட்டன்ஸ் அதன் இடத்தைப் பிடித்தது. ஒரு டொலருக்கு ஒரு கோப்பி, ஒரு கதிரை, வெக்கை, கழிவறை, வெளியே தொலைபேசிக் கூண்டு.

1989 ஜனவரியில் குடிவரவு அகதிகள் சபை தொடங்கியது. அதன் மொன்றியல் அலுவலகம் இருக்கும் கீ பவ்றோ கட்டடம் டவுன்டவுனில் றெனே லெவெக் வீதியில், நிலத்தடி நகரத்தின் பாதைகளோடு சேர்ந்து நிற்கிறது. அந்தப் பாதைகளின் கோப்பி மேசைகளில் எங்களவர் செய்த வேலை கொஞ்சமல்ல. பிரெஞ்சில் வந்த கடிதத்தைத் தெரிந்தவன் ஒருவன் வாசித்துச் சொன்னான். விசாரணைக்கு முதல்நாள், எந்தத் திகதியில் எந்த முகாமில் பிடித்தார்கள் என்பதை ஒருவன் மற்றவனுக்கு ஒப்புவித்தான். சீட்டுப் பிடித்தார்கள். இயக்கங்களைப் பற்றி, அறையில் சொல்லப் பயந்ததைத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இத்தாலியர் இதற்கு முன்னமே சென் லோறன் வீதியில் தங்கள் கோப்பிக்கடைகளை வைத்திருந்தார்கள். கபே இத்தாலியா 1956இலிருந்து நடக்கிறது. எங்களுக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. அந்நியனின் கடையில் மணிக்கணக்கில் ஒரு கோப்பையோடு இருந்தோம். இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சுவரில் ஒட்டிய கடையும் இருந்தது. அங்கே இருபதாவது நிமிடத்தில் எழுந்து அடுத்த கடைக்குப் போனோம். இன்னொரு டொலர்.

இங்கே எங்களுக்குக் கிடைத்த கோப்பை எல்லோருக்கும் கிடைத்த கோப்பை. யாழ்ப்பாணத்தில் சிரட்டையில் குடித்த தகப்பனின் மகனுக்கும், மூக்குப்பேணியில் அண்ணாந்து குடித்த தகப்பனின் மகனுக்கும், வங்கி மனேஜருக்கும் ஒரே கடுதாசி. இந்தக் கோப்பையின் பிறப்பும் கவனிக்கத்தக்கது. 1907இல் பொஸ்ரனில் லோறன்ஸ் லூவெலன் அதை உருவாக்கியபோது, நீர்க்குழாயடியில் சங்கிலியில் தொங்கிய பொதுக் குவளையால் நோய் பரவுகிறது என்ற பயமே காரணம். 1909இல் கன்சாஸ் மாநிலம் புகையிரதங்களில் பொதுக்குவளையைத் தடைசெய்தது. பிறர் வாய்பட்ட பாத்திரம் பற்றிய பயம் அங்கே எல்லோருக்கும் எறிகோப்பையைக் கொடுத்தது. எங்கள் ஊரில் சிலருக்கு மட்டும் தனிக்கோப்பையைக் கொடுத்தது. தமிழகத்தின் சில ஊர்களில் பிற்காலத்தில் அந்த எறிகோப்பையே இரண்டாவது குவளையின் வேலையைச் செய்யத் தொடங்கியது என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால் கடுதாசிக் கோப்பை ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொண்டது. கையிலே கொண்டுபோகும் கோப்பிக்குக் கதிரை தேவையில்லை. விலையில் கதிரையின் பங்கு கழிந்ததா என்றால் இல்லை. 1989 யூலையில் சர்வதேசக் கோப்பி உடன்படிக்கையின் பங்கீட்டுமுறை முறிந்து உலகச் சந்தையில் கொட்டையின் விலை பாதியளவுக்கு விழுந்தபோதும் கடைக்கோப்பி மலிந்ததாக எனக்கு நினைவில்லை. 2025 மே மாதம் கியூபெக்கின் ஆகக்குறைந்த சம்பளம் 16 டொலர் 10 சதம் ஆயிற்று. பத்து நிமிட உழைப்பு அப்போது 2 டொலர் 68 சதம். பால் நுரைத்த கோப்பி அதற்குள் அடங்காது. மெற்றோவில் நின்றபடி, அவசரத்தில், தனியே குடிக்கும் அந்தக் கோப்பி விடயத்தில் அண்ணைமாரின் கணக்கை நான் ஒப்புக்கொள்கிறேன். அதில் வாங்கப்படுவது கோப்பி மட்டுமே. அது வீட்டில் மலிவு.

மலிவு என்றால் யாருக்கு? ஷபனெல் வீதித் தையல் தொழிற்சாலைகளுக்கு எங்கள் பெண்கள் ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்த காலத்தில், ஐந்து மணிக்கு எழும்பிக் கேத்தலை வைத்து, கணவனின் பிளாஸ்கை நிரப்பி, கழுவி, துடைத்து வைத்தவர்களும் அவர்களே. கணவன் கடைக்கோப்பியை விட்டுச் சேமித்த 600 டொலரில் அந்த அதிகாலைகள் இருக்கின்றன. கால்மணித்தியாலம் என்று வைத்தாலும் 300 நாளுக்கு 75 மணித்தியாலம். 6 டொலர்ப்படி 450 டொலர். தூளுக்கும் பாலுக்கும் சீனிக்கும் போனதைக் கழித்தால் சேமிப்பு என்று மிஞ்சுவது மிகக் கொஞ்சம். டோனற் கடைக் கதிரைகளிலும் அவர்கள் அதிகம் இருக்கவில்லை. மாலையில் சென் கத்தரீன் வீதிக் கடையொன்றில் தமிழ்ப் பெண் ஒருத்தி தனியே இருந்து கோப்பி குடித்தால் அது கிழமை முடிவதற்குள் நாலு வீட்டுக்குத் தெரிந்திருக்கும். ‘கண்ட கடையிலை குடிக்கிறவன்’ என்ற வசை ஆண்களுக்குக் காலாவதியாகிப் பெண்களுக்கு இன்னும் பல வருடம் நடைமுறையில் இருந்தது.

என் வீட்டுப் பிளாஸ்கை இப்போது நான் நிரப்புகிறேன், மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு. சனிக்கிழமைகளில் மனைவி தன் தொழிற்சாலைச் சிநேகிதிகள் மூவரோடு டவுன்டவுனுக்குப் போய்க் கோப்பி குடிக்கிறார். பீங்கான் கோப்பையில் தரச்சொல்லிக் கேட்டு, ஒரு மேசையைப் பிடித்து, இரண்டு மணித்தியாலம்.