சில நேரங்களில் சில மனிதர்கள் (புதினம்)

சில நேரங்களில் சில மனிதர்கள் என்பது ஜெயகாந்தன் (1934–2015) எழுதிய தமிழ்ப் புதினம் ஆகும். 1970-இல் நூலாக வெளிவந்த இது, 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. ஜெயகாந்தன் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த கடலூரில் பிறந்தவர்.

பின்னணி

1966-இல் ஆனந்த விகடனில் இவர் எழுதிய "அக்கினிப் பிரவேசம்" என்னும் சிறுகதையே இப்புதினத்தின் வித்து. மழையில் பேருந்துக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, காரில் வந்த முன்பின் தெரியாத ஒருவனிடம் கற்பிழந்து வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, அவள் தூய்மையாகிவிட்டதாகச் சொல்லி ஏற்றுக்கொள்கிறாள். இம்முடிவை வாசகர் பலர் கடுமையாக எதிர்த்தனர். அத்தாய் அவ்வாறு செய்யாமல் ஊரறியக் கதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு விடையாகவே புதினம் எழுதப்பட்டது. முதலில் தினமணி கதிர் இதழில் "காலங்கள் மாறும்" என்ற பெயரில் தொடராக வந்தது.

கதைச் சுருக்கம்

கங்கா தன் கதையைத் தானே கூறுகிறாள். நடந்ததை அறிந்த அண்ணன் கணேசன் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். தாய்மாமன் வெங்கு மாமா படிக்க வைக்கிறார். அவள் நல்ல வேலையிலும் அமர்கிறாள். ஆனால் ஆதரவு தந்த அவரே அவள்மீது இச்சை கொண்டவர். கெடுத்தவனைக் கண்டுபிடிக்க அவளால் முடியுமா என்று ஏளனமாகவும் பேசுகிறார். ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளரின் கதையில் தன் வாழ்க்கையைக் காணும் கங்கா, அவர் வழியாகப் பிரபுவைத் தேடி அடைகிறாள். (அக்கதை "அக்கினிப் பிரவேசம்" தான். ஆசிரியர் தம் சிறுகதையையே தம் பாத்திரத்தின் கையில் கொடுத்துவிடுகிறார்.)

பிரபு செல்வந்தன், குடிகாரன், மனைவி மக்களால் மதிக்கப்படாதவன். தன்னையே இழிவாக எண்ணும் அவனிடம் கங்கா ஒரு குழந்தையைக் காண்கிறாள். உடலுறவு கலவாத நட்பு வளர்கிறது. தன் செயல் ஒரு பெண்ணின் வாழ்வை என்ன செய்தது என்று அறிந்த பிரபு, மெல்லத் திருந்துகிறான். அவள் வேறொருவரை மணந்து வாழவேண்டும் என எண்ணி விலகுகிறான். அவனைப் பிரிந்த கங்காவோ குடியில் வீழ்கிறாள்.

கதைமாந்தர்

ஒழுக்கம் பேசும் வெங்கு மாமா கடைசிவரை மாறுவதில்லை. ஊரார் ஒழுக்கமற்றவன் என்னும் பிரபுவே மாறுகிறான். எனினும் குற்றம் செய்தவனின் மீட்சிக்கு விலை கொடுப்பவள் குற்றமற்றவள் என்பதே புதினத்தின் கசப்பு. இதனை வெறும் மனந்திருந்தும் கதையாக வாசிப்பது பொருந்தாது.

திரைப்படமும் தொடர்ச்சியும்

ஏ. பீம்சிங் இயக்கத்தில் 1977-இல் இதே பெயரில் திரைப்படம் வெளிவந்தது. ஜெயகாந்தனே திரைக்கதை எழுதினார். பிரபுவாக ஸ்ரீகாந்தும், ஆர்.கே.வி.யாக நாகேசும் நடித்தனர். கங்காவாக நடித்த லட்சுமி சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். இருவரின் பிற்கால வாழ்வை "கங்கை எங்கே போகிறாள்" (1978) என்னும் புதினம் தொடர்கிறது.