ஹெர்னாண்டஸ், ஆரன் (1989–2017)

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்காக ஆடி இளம் பிராயத்திலேயே கீர்த்தியெய்தி, பின்னர் கொலைக் குற்றவாளியாகச் சிறையில் மாண்டவர். கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த பிரிஸ்டல் நகரில் பிறந்தார். 2012ஆம் ஆண்டில் 4 கோடி டாலர் வரை ஊதியமளிக்கும் ஒப்பந்தம் பெற்ற இவர், 2013 ஜூன் மாதத்தில், தம் வருங்கால மனைவியின் சகோதரியோடு நட்புக் கொண்டிருந்த ஓடின் லாயிட் என்பவரைச் சுட்டுக்கொன்றதாகக் கைதுசெய்யப்பட, அன்றைய தினமே அணியிலிருந்து நீக்கப்பட்டார்.

2015 ஏப்ரலில் ஜூரிகள் குற்றவாளியெனத் தீர்மானிக்கவே, விடுதலைக்கு இடமற்ற ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2012இல் பாஸ்டனில் நிகழ்ந்த இரட்டைக் கொலை வழக்கில் நிரபராதியென விடுவிக்கப்பட்ட சில தினங்களில், 2017 ஏப்ரல் 19 அன்று, சிறையில் தற்கொலை செய்துகொண்டார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் இவரது மூளையைப் பரிசோதித்து, தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவோரைப் பீடிக்கும் சிதைவு நோய் முற்றியிருக்கக் கண்டனர். ஆயினும் அந்நோயே கொலைக்குக் காரணமென்று கூற ஆதாரமில்லை.

லாயிட் கொலை வழக்கின் சட்ட முக்கியத்துவம் மரணத்திற்குப் பிறகே விளங்கிற்று. மேல்முறையீடு முடியுமுன் பிரதிவாதி இறப்பின் தீர்ப்பே அற்றுப்போகும் என்ற புராதன விதிப்படி 2017 மே மாதத்தில் ரத்தான தீர்ப்பை, மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2019இல் மீண்டும் நிலைநாட்டி, அவ்விதியையும் கைவிட்டது; மகன் லாயிடைப் பறிகொடுத்த தாயின் துயரைக் கருதுங்கால், இம்மாற்றம் வெகு காலத்திற்கு முன்பே நிகழ்ந்திருக்க வேண்டியது.