ஜெர்மானிய வண்டியும் கருவிப் பெட்டியும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில், செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் நடுவே அமைந்தது தேற்றாத்தீவு. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றா மரத்தின் பெயரை ஊர் தாங்கி நிற்கிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெரு இவ்வூரினூடே போகிறது. 1924இல் கல்லடிப் பாலம் அமைந்தபின், நகரத்திலிருந்து தெற்கே மோட்டார் வண்டிகள் இத்தெருவில் இலகுவாக ஓடலாயின. இத்தகைய கரையோரத்துக்கு எந்தெந்த நாட்டு வண்டிகள் வந்தன என்பதை அறிய ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. பழைய கராஜ் ஒன்றின் சுவரில் தொங்கும் ஸ்பானர்களே அவ்வரலாற்றைச் சொல்லிவிடும்.

முதலில் வந்தது ஆங்கில அளவு. ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல மரை வெட்டி வந்த காலத்தில், 1841இல் ஜோசப் விட்வேர்த் என்னும் பொறியியலாளர் மரைக்கு 55 பாகைக் கோணம் வகுத்து, இன்ன பருமனுள்ள ஆணிக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று வரையறுத்தார். அவர் வழிவந்த ஸ்பானரில் ஒரு விசித்திரம் உண்டு. அதில் பொறித்துள்ள எண் ஸ்பானரின் வாயகலம் அன்று; ஆணியின் பருமனேயாகும். கால் அங்குலம் என்று எழுதிய ஸ்பானரை அளந்து பார்த்தால் வாய் 0.525 அங்குலம் இருக்கும். பழகிய கைக்கு இது தொல்லையன்று, புதியவனுக்குத் தலைவலி.

அடுத்து அமெரிக்க அளவு வந்தது. 1949இல் கல்லோயாத் திட்டத்தின் அணைக்கட்டு வேலையை அமெரிக்காவின் மொரிசன்-நட்சன் நிறுவனம் ஏற்றபோது, வாவிக்குத் தெற்கேயுள்ள இங்கினியாகலையில் கனரக யந்திரங்கள் வந்து இறங்கின. அமெரிக்க ஸ்பானரில் எழுதியிருப்பது வாயின் அகலமே. 1948இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் 60 பாகையில் ஒரே அங்குல மரைக்கு உடன்பட்டபின், ஆங்கில வண்டிகளும் மெல்ல மெல்ல அவ்வழியே திரும்பின.

ஐரோப்பாக் கண்டமோ 1898இல் சூரிச் நகரில் கூடிய மாநாட்டிலேயே மில்லிமீட்டர் மரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஜெர்மானிய வண்டி இவ்வழியில் வந்ததாகும். ஆங்கிலேயரும் இதிலிருந்து முற்றாகத் தப்பவில்லை. மொரிஸ் கம்பனி 1923இல் கொவென்ட்ரியிலிருந்த ஹொட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் தொழிற்சாலையை வாங்கியது. அங்கிருந்த யந்திரங்கள் மில்லிமீட்டர் மரையே வெட்டுவன. அவற்றை எறிய மனமின்றி, மரையை அப்படியே விட்டு, ஆணியின் தலையை மட்டும் விட்வேர்த் அளவில் செய்தார்கள். 1950களின் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் வரை இந்த இரட்டை வேடம் நீடித்தது. தலையைப் பார்த்து ஆங்கில ஆணியை முறுக்கியவன் மரை கெட்டபின்தான் உண்மையை உணர்ந்திருப்பான். "மரை கழன்றவன்" என்று நம்மவர் ஏசும் சொல் இதனை இயற்றியவர்களுக்கே பொருந்தும் போலும்.

பேர்டினண்ட் போர்ஷே வொக்ஸ்வாகன் வண்டியை உருவாக்கினார். அவர் குடும்பத்தார் 1948இல் அவ்வண்டியின் உறுப்புகளைக் கொண்டே ஒஸ்திரியாவின் குமுண்ட் என்னும் ஊரில் 356 என்னும் முதல் போர்ஷே ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தனர். 911 என்னும் வண்டி 1963இல் காட்சிக்கு வந்தது. இலங்கைத் தெருக்களில் போர்ஷே அரிது, வொக்ஸ்வாகன் அப்படியன்று. இரண்டும் ஒரே குடும்பமாதலின் ஒன்றுக்குச் சேர்த்த கருவி பெரும்பாலும் மற்றதற்கும் உதவும்.

இங்கேதான் சுவரில் தொங்கும் பழைய ஸ்பானர்கள் ஆபத்தாகின்றன. முற்றிலும் பொருந்தாத ஸ்பானர் தீங்கு செய்வதில்லை. அது ஏறாது, அவ்வளவே. ஏறக்குறையப் பொருந்துவதே பகை. கால் அங்குல விட்வேர்த் ஸ்பானரின் வாய் 13.3 மி.மீ.; அது ஜெர்மானிய வண்டியின் 13 மி.மீ. தலையில் தாராளமாக ஏறும், முறுக்கும்போது மூலைகளை உருட்டிவிடும். முக்கால் அங்குல அமெரிக்க ஸ்பானரோ 19.05 மி.மீ.; 19 மி.மீ. நட்டுக்கு அது தக்க துணை. ஸ்பார்க் பிளக்கின் மரை ஆங்கில வண்டிகளிலும் 14 மி.மீ. ஆகவே இருந்தது. இவை போன்ற சில ஒற்றுமைகளை நம்பி மற்றவற்றையும் துணிந்தவர் பலர்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. 10, 13, 14, 17, 19 மி.மீ. ஸ்பானர்கள் முதலில் வேண்டும். மூலையை மட்டும் பற்றும் திறந்த வாயைவிட, தலையை முழுதும் சூழும் வளைய ஸ்பானர் நல்லது. வொக்ஸ்வாகனின் கியர்ப்பெட்டி எண்ணெயை மாற்ற 17 மி.மீ. அலன் சாவி வேண்டும். பின் அச்சின் நட்டுக்கு 36 மி.மீ. சொக்கெட்டும் நீண்ட கைபிடியும் வேண்டும். காற்றினால் குளிரும் பழைய 911 என்ஜினில் வால்வு இடைவெளி 0.1 மி.மீ.; என்ஜின் ஆறியிருக்கும்போது தகட்டளவியால் பார்க்க வேண்டும். ரெம்ஷைட் நகரில் 1868இல் தோன்றிய ஹசெட் நிறுவனம், வொக்ஸ்வாகனின் மேலதிகச் சில்லுக்குள்ளே அடங்கும் வட்டக் கருவிப் பெட்டி ஒன்றைச் செய்தது. எத்தனை கருவி போதும் என்பதற்கு அப்பெட்டியே நல்ல அளவு.

ஆனால் அப்பெட்டியில் இல்லாத ஒன்றுக்குப் பணம் ஒதுக்குவது அவசியம். அது முறுக்குவிசையைக் காட்டும் டோர்க் ஸ்பானர். 1968 முதல் 1977 வரை 911 என்ஜினின் உடல் மக்னீசியக் கலவையால் வார்க்கப்பட்டது. வொக்ஸ்வாகனின் உடலும் அவ்வகையே. மென்மையான அவ்வுலோகத்தில் உருக்கு ஆணியைக் கைப்பலத்தால் இறுக்கினால் மரை பிடுங்கிக்கொண்டு வரும். 911இன் சில்லு நட்டுக்கு 130 நியூட்டன் மீட்டர் என்று கணக்குண்டு. இதனைத் தோளால் அளக்க இயலாது.

பிழை செய்தால் மாற்றுறுப்பு வாங்கலாமே என்பது இந்நாட்டில் எப்போதும் எளிதாயிருந்ததில்லை. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்தில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடு 1977 வரை நீண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. அவ்வாண்டுகளில் உருண்டுபோன ஒரு நட்டு, வண்டியை மாதக்கணக்கில் கொட்டிலில் நிறுத்தப் போதுமானது.

தேற்றாத்தீவு போன்ற ஊரில் கிழக்கே கடலின் உப்புக்காற்று, மேற்கே வாவியின் ஈரம். துருவேறிய ஸ்பானரின் வாய் தேய்ந்து அகன்றால், சரியான மில்லிமீட்டர் அளவும் பிழையான அளவாகிவிடும். ஆதலால் வேலை முடிந்ததும் கருவிகளைத் துடைத்து, என்ஜின் எண்ணெய் தோய்ந்த துணியிற் சுற்றிவைப்பதே இக்கரையின் கராஜ்களுக்கு ஏற்ற வழக்கம். டோர்க் ஸ்பானரை மட்டும் அதன் வில்லைத் தளர்த்தித் தனியே வைப்பார்கள்.